கிறிஸ்துமஸில் பாவமன்னிப்பு எங்கிருந்து வந்தது?

பைபிளின் புதிய ஏற்பாட்டை முதல்முறையாகத் திறப்பவர்கள் பலர் முதல் பக்கத்திலேயே சோர்ந்துபோவார்கள். கதை தொடங்கும் என்று பார்த்தால் பெயர்ப் பட்டியல்தான் தொடங்கும். ‘ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான், ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான்’ என்று நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். பாதிப் பெயர்கள் வாயில் நுழையாது. தாண்டிப் போய்விடத்தான் தோன்றும். ஆனால் கிறிஸ்துமஸ் சமயத்தில் சர்ச்சுகளில் ‘பாவமன்னிப்பு’, ‘புது வாழ்வு’ என்று ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்று யாராவது கேட்டால், நான் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தப் பட்டியலைத்தான்.

கேட்பவர்கள் கேள்வியை இப்படி வைப்பார்கள்: “ஒரு குழந்தை பிறந்த நாள். ஸ்டார் கட்டுகிறீர்கள், குடில் வைக்கிறீர்கள், கேக் தருகிறீர்கள். சந்தோஷமான பண்டிகை. இதற்கு நடுவில் பாவம், மன்னிப்பு என்று எதற்கு? அதெல்லாம் புனித வெள்ளிக்கு உள்ள பேச்சு இல்லையா?” நியாயமான கேள்விதான். பிறந்ததிலிருந்து சர்ச்சுக்குப் போகிற பலரிடமும் இதற்குத் தெளிவான பதில் இருக்காது.

பட்டியலில் இருப்பவர்கள்

அந்தப் பட்டியல் இயேசுவின் வம்ச வரலாறு. மத்தேயு எழுதிய நற்செய்தி அப்படித்தான் தொடங்குகிறது. நம் ஊரில் சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் தாசில்தாராக இருந்த தாத்தாவைப் பற்றிச் சொல்வோம். ஜெயிலுக்குப் போன சித்தப்பாவைப் பற்றி மூச்சு விட மாட்டோம். மத்தேயு செய்திருப்பது நேர்மாறு. யூதா என்று ஒரு பெயர் வருகிறது. கூடப் பிறந்த தம்பி யோசேப்பை வியாபாரிகளிடம் விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவர் அவர். இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். ராகாப் வருகிறார், எரிகோ பட்டணத்தில் உடலை விற்றுப் பிழைத்தவர். மனாசே வருகிறார், பெற்ற மகனையே நெருப்பில் பலியிட்ட அரசர், எருசலேமைக் குற்றமில்லாதவர்களின் இரத்தத்தால் நிரப்பியவர். இவர்களுக்கெல்லாம் நடுவில் தாவீது.

தாவீதின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கிறிஸ்தவர்கள் பாவம், மன்னிப்பு என்று எதைச் சொல்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை பைபிளில் எனக்குத் தெரிந்து இல்லை.

படை போர்க்களத்தில் இருக்கிறது. அரசர் தாவீது மட்டும் அரண்மனையில் தங்கிவிட்டார். ஒரு மாலை மொட்டை மாடியில் உலாவும்போது பத்சேபாளைப் பார்க்கிறார். அவள் உரியா என்ற போர்வீரனின் மனைவி. தெரிந்தே ஆளனுப்பி அழைத்துவரச் செய்கிறார். அவள் கர்ப்பமாகிறாள். விஷயத்தை மூடிமறைக்க, உரியாவைப் போர்க்களத்திலிருந்து வரவழைத்து “வீட்டுக்குப் போ” என்கிறார். ‘என் ஆட்கள் வெட்டவெளியில் படுத்துக் கிடக்கும்போது நான் மட்டும் வீட்டுக்குப் போவதா?’ என்று அந்த மனிதன் அரண்மனை வாசலிலேயே படுத்துக்கொள்கிறான். கடைசியில் தாவீது தளபதிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்: போர் கடுமையாக நடக்கும் இடத்தில் உரியாவை நிறுத்தி, அவன் சாகும்படி பின்வாங்கிவிடு. அந்தக் கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறார். அவன் தன் சாவை, பிரித்துப் பார்க்காமல், சுமந்துகொண்டு போகிறான்.

நாத்தான் என்ற தீர்க்கதரிசி வருகிறார். நேரடியாகக் குற்றம் சாட்டவில்லை. ஒரு வழக்கைச் சொல்வதுபோல் சொல்கிறார்: ஏராளமான ஆடுமாடு வைத்திருந்த பணக்காரன் ஒருவன், தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சமைக்க, ஏழை ஒருவன் மகளைப் போல மடியில் வைத்து வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொண்டான். தாவீதுக்குக் கோபம் பொங்குகிறது. அப்படிச் செய்தவன் சாக வேண்டும் என்கிறார். நாத்தான் சொல்கிறார்: ‘நீயே அந்த மனுஷன்.’

அங்கே தாவீது வாதாடவில்லை. சாக்குச் சொல்லவில்லை. ‘நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவம்செய்தேன்’ என்று ஒப்புக்கொள்கிறார். அந்த நேரத்தில் எழுந்த மன்றாட்டு என்று சொல்லப்படுவதுதான் 51-ஆம் சங்கீதம். ‘தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்’ என்ற வரி அதில் இருக்கிறது. இருக்கிற இருதயத்தைத் துடைத்துத் தரும்படி அவர் கேட்கவில்லை. புதிதாக ஒன்றை உண்டாக்கித் தரும்படி கேட்கிறார். கிறிஸ்தவர்கள் புதுவாழ்வு என்று பேசும்போது அவர்கள் மனதில் இருப்பது இந்த வேண்டுதல்தான்.

மத்தேயுவின் பட்டியலில் இந்தச் சம்பவம் எப்படி வருகிறது தெரியுமா? ‘தாவீது ராஜா உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில் சாலொமோனைப் பெற்றான்.’ பத்சேபாள் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். கொல்லப்பட்டவனின் பெயரை அங்கே நிற்க வைத்திருக்கிறார். மன்னிக்கப்பட்டாலும் நடந்தது மறைக்கப்படவில்லை. இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பின்னால் இதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டியல் முடிந்ததும் கதை யோசேப்பிடம் வருகிறது (விற்கப்பட்ட யோசேப்பு இல்லை, மரியாளுக்கு நிச்சயிக்கப்பட்டவர்). மரியாள் கர்ப்பமாக இருப்பது தெரிகிறது. தான் ஏமாற்றப்பட்டதாக நினைக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஊரைக் கூட்டி அவளை அவமானப்படுத்தியிருக்கலாம், அவர் செய்யவில்லை. சத்தமில்லாமல் விலகிவிட நினைத்தார். மத்தேயு சொல்லும் கிறிஸ்துமஸ் கதையில் மனிதர் ஒருவர் எடுக்கும் முதல் முடிவே, பழிவாங்க வேண்டாம் என்ற முடிவு. அப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது கனவில் தேவதூதர் அவரிடம் உண்மையைச் சொல்லி, பிறக்கப்போகும் குழந்தைக்கு இயேசு என்று பெயரிடச் சொல்கிறார்: ‘ஏனெனில் அவர் தமது ஜனங்களின் பாவங்களை நீக்கி அவர்களை இரட்சிப்பார்.’

ஆக, கேள்விக்குப் பதில் இதுதான். பிறப்புச் செய்தியிலேயே பாவமன்னிப்பு இருக்கிறது. பிறகு வந்த போதகர்கள் பண்டிகையில் கொண்டுவந்து சேர்த்ததில்லை.

முதலில் வருவது யார்?

‘பாவம்’ என்றதும் கொலை, கொள்ளை, விபசாரம் என்றுதான் மனது போகும். கத்தோலிக்கத் திருப்பலியின் தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஒரு மன்றாட்டு உண்டு: ‘என் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும் பாவங்கள் பல செய்தேன்.’ சொல்லும்போது நெஞ்சில் கையால் தட்டிக்கொள்வார்கள். கடைசியாக வருவதுதான் எனக்கு உறைப்பது. செய்யாமல் விட்டதும் கணக்கில் வருகிறது. வயதான அம்மாவுக்கு மாதக்கணக்கில் போன் பண்ணாமல் இருந்தது போலீஸ் கேஸ் ஆகாது. ஆனால் ஒரு உறவு அதனால் அறுந்துபோகும். கிறிஸ்தவ நம்பிக்கையில் பாவம் என்றால் அதுதான்: கடவுளோடும் பக்கத்தில் இருக்கும் மனிதரோடும் நமக்கு இருக்கும் உறவை நாமே அறுப்பது.

சரி, அறுந்தது எப்படி ஒட்டும்? நாம் வழக்கமாக நினைக்கும் வரிசை இது: முதலில் நான் திருந்த வேண்டும், திருந்தியதைக் கடவுளுக்குக் காட்ட வேண்டும், அப்புறம் அவர் மன்னிப்பார். பல சர்ச்சுகளில் பிரசங்கம் கேட்டாலும் இப்படித்தான் மனதில் பதிகிறது. அதனால்தான் எத்தனையோ பேர் ‘கொஞ்சம் ஒழுங்கானதும் சர்ச்சுக்குப் போவேன்’ என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த வரிசை தவறு என்பதைத்தான் கிறிஸ்துமஸ் சொல்கிறது.

லூக்கா எழுதிய நற்செய்தியில் சகேயுவின் கதையைப் பாருங்கள். எரிகோவில் வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவர். ரோமாபுரி அரசாங்கத்துக்காகச் சொந்த மக்களிடம் வரி பிடுங்கும் வேலை, பெரும் பணக்காரர், ஊரே வெறுத்தது. இயேசு அந்த வழியாக வருகிறார். சகேயு குள்ளமானவர், கூட்டத்தில் எதுவும் தெரியவில்லை. ஓடிப்போய் ஒரு காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். இயேசு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, பெயர் சொல்லி அழைத்து, ‘சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்’ என்கிறார். ‘நீ திருந்தினால் வருகிறேன்’ என்று சொல்லவில்லை. ஊர் முணுமுணுக்கிறது, ‘பாவியின் வீட்டுக்குப் போகிறாரே’ என்று. அதற்குப் பிறகுதான் சகேயு எழுந்து நின்று சொல்கிறார்: என் சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், யாரிடமாவது அநியாயமாய் எதையாவது வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன்.

இரண்டும் இருக்கின்றன. அன்பு நிபந்தனை இல்லாமல் முதலில் வந்தது. அது வந்த பிறகு அந்த மனிதர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். இந்த இரண்டாவது பகுதிக்குப் பெயர் மனந்திரும்புதல். அது அழுகையோடு முடிந்துவிடுகிற சமாசாரம் இல்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது வரை போக வேண்டும்.

கிறிஸ்துமஸ் இதே வரிசையை உலகத்தின் அளவுக்குச் சொல்கிறது. மனிதர்கள் ஏறிப் போய்க் கடவுளை எட்டவில்லை. கடவுள் இறங்கி வந்தார், அதுவும் சத்திரத்தில் இடமில்லாமல் மாட்டுத் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தையாக. இயேசுவின் செய்தியை ஊர் ஊராகப் பரப்பிய பவுல், தம் கடிதத்தில் இதை ஒரே வரியில் எழுதினார்: ‘நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்.’ நாம் திருந்திய பிறகு என்று எழுதவில்லை.

அந்த வரியில் ‘மரித்ததினாலே’ என்றும் இருக்கிறது. மன்னிப்பு என்றால் வாயால் சொல்லிவிட்டுப் போவதுதானே, எதற்கு ஒரு சாவு, எதற்கு சிலுவை என்று பலர் கேட்பார்கள். இயேசு சொன்ன கடன்காரன் கதை இதற்கு உதவும். ஓர் ஊழியன் அரசருக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 6,000 நாள் கூலி. அப்படியானால் மொத்தம் 6 கோடி நாள் கூலி. ஒன்றரை லட்சம் வருஷத்துக்கு மேல் உழைத்தாலும் தீராது. காலில் விழுந்து ‘பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்’ என்கிறான். நடக்காத காரியம் என்று இருவருக்கும் தெரியும். அரசர் மனமிரங்கி மொத்தத்தையும் தள்ளுபடி செய்கிறார்.

அந்தப் பணம் எங்கே போயிற்று? காற்றில் கரையவில்லை. அரசரின் கஜானாவில் அவ்வளவு பெரிய ஓட்டை விழுந்திருக்கிறது. மன்னிப்பு, வாங்குகிறவருக்கு இலவசம். கொடுக்கிறவருக்கு இலவசம் இல்லை. உங்களை யாராவது உண்மையிலேயே காயப்படுத்தியிருந்து நீங்கள் அவரை மன்னித்திருந்தால் இது உங்களுக்கே தெரியும். திருப்பிச் சொல்ல வேண்டிய வார்த்தையை விழுங்கினீர்கள். அந்த வலி உங்களிடமே நின்றது. கடவுள் மன்னித்தபோது அந்த வலியை அவர் எங்கே சுமந்தார் என்று கேட்டால், கிறிஸ்தவர்கள் சிலுவையைக் காட்டுவார்கள். குடிலில் படுத்திருக்கும் குழந்தை அந்தச் செலவை ஏற்கத்தான் வந்தது என்பது அவர்களுடைய நம்பிக்கை.

கதை அதோடு முடியவில்லை. வெளியே போன ஊழியன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம், அதாவது மூன்று மாதக் கூலிக்குச் சற்று மேல், கடன் வாங்கிய சக ஊழியன் ஒருவனின் கழுத்தைப் பிடிக்கிறான். கேள்விப்பட்ட அரசர் கொதித்துப்போகிறார். ‘எங்களுக்கு விரோதமாகக் குற்றம் செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்ற நிபந்தனையைத் தினமும் ஜெபத்தில் சொல்லிக்கொண்டே, அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கிற எல்லோருக்கும் சொன்ன கதை இது.

மன்னிப்பும் விளைவும்

செய்த வினையை அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு நெருடல் வரும். ‘யாரோ மன்னித்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமா? அப்படியானால் தப்புச் செய்கிறவனுக்கு வசதியாகப் போயிற்றே’ என்பார்கள். பைபிளும் ‘மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்’ என்றுதான் சொல்கிறது. தாவீது மன்னிக்கப்பட்டார். ஆனால் அவர் வீட்டில் அதன் பிறகு நிம்மதி இருக்கவில்லை. பெற்ற மகனே அவரை எதிர்த்துப் படை திரட்டினான். மன்னிப்பு உறவைச் சரிசெய்கிறது. நடந்ததன் விளைவுகளை எல்லாம் அது அழித்துவிடும் என்று பைபிள் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

இதை நம் காலத்தில் உலகமே பார்த்த ஒரு சம்பவம் உண்டு. 1981 மே 13 அன்று, வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில், மக்கள் கூட்டத்துக்கு நடுவே திறந்த வண்டியில் வந்துகொண்டிருந்த போப் இரண்டாம் ஜான் பாலைத் துருக்கியைச் சேர்ந்த மெஹ்மத் அலி அக்ஜா சுட்டார். வயிற்றில் குண்டு பாய்ந்து, ஏராளமான இரத்தம் போய், ஐந்து மணி நேரத்துக்கு மேல் அறுவை சிகிச்சை நடந்தது. நான்கே நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, மருத்துவமனைப் படுக்கையிலிருந்து ஒலிப்பதிவு செய்து அனுப்பிய செய்தியில், தன்னைச் சுட்ட ‘சகோதரருக்காக’ ஜெபிப்பதாகவும் அவரை மனதார மன்னித்துவிட்டதாகவும் போப் சொன்னார்.

இரண்டரை வருஷம் கழித்து, 1983 கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள், டிசம்பர் 27, ரோமிலுள்ள ரெபிபியா சிறைக்குப் போனார். அக்ஜாவின் அறையில் இரண்டு நாற்காலிகளில், முழங்கால் முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமாக உட்கார்ந்து, தணிந்த குரலில் இருபது நிமிடம்போல் பேசினார்கள். என்ன பேசினோம் என்பது எங்கள் இருவருக்கு இடையில் இருக்கட்டும் என்று போப் பிறகு சொல்லிவிட்டார். அன்று அக்ஜா விடுதலை ஆகவில்லை. ஆயுள் தண்டனைக் கைதியாகவே அங்கே இருந்தார். 2000-ஆம் ஆண்டில்தான் இத்தாலியக் குடியரசுத் தலைவர் அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். அதன் பிறகும் துருக்கியில் வேறு வழக்குகளுக்காகச் சிறையில் இருந்தார். மன்னித்தவர் மன்னித்தார், நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. ஒன்று மற்றொன்றை ரத்துசெய்யவில்லை.

நம் நாட்டில் 1999 ஜனவரியில், ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளிகளிடையே பணிபுரிந்த கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சிறு மகன்களும் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தபோது உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்துவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். மன்னிப்பையும் குற்றத்துக்கான சட்ட விளைவையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை உறுதியானது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் கணவனிடம் அடிவாங்கும் பெண்ணிடம், “கிறிஸ்துமஸ் வருதும்மா, மன்னிச்சிட்டு வீட்டுக்குப் போ” என்று சொல்லி அனுப்பும் பெரியவர்கள் இருக்கிறார்கள். சபையின் பெயரால், பைபிளைக் கையில் வைத்துக்கொண்டே சொல்கிறார்கள். அது தவறு, ஆபத்தும்கூட. மன்னிப்பது அவள் மனதில் அவளுக்கும் கடவுளுக்கும் இடையில், அவளுக்கு முடிகிற நேரத்தில் நடக்கட்டும். அடிக்கிற கைக்கு அருகில் திரும்பிப் போய் நிற்க வேண்டும் என்று இயேசு எந்தப் பெண்ணிடமும் சொன்னதில்லை. அவன் மனந்திரும்பினானா என்று தெரிய சகேயுவின் அளவுகோல் இருக்கிறது: அழுதானா என்று பார்க்க வேண்டாம், என்ன மாற்றினான் என்று பார்க்க வேண்டும். போலீசுக்குப் போவதும் மன்னிக்காததும் ஒன்றல்ல.

டிசம்பரில் என்ன நடக்கிறது

இயேசு பிறந்த தேதி பைபிளில் இல்லை. டிசம்பர் 25 என்பதற்குக் கிடைத்திருக்கும் பழைய சான்று, கி.பி. 354-இல் ரோமில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி. அதற்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காலத்தைக் கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலம் என்பார்கள், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபைகளில் ஆகமன காலம் அல்லது அட்வென்ட். பீடத்தில் ஊதா நிறத் துணி வரும். ஊதா, மனந்திரும்புதலின் நிறம். கடைவீதியில் கிறிஸ்துமஸ் நவம்பரிலேயே தொடங்கிவிட்டாலும், சர்ச் அந்த நான்கு வாரத்தையும் உள்ளே பார்த்துக்கொள்ளும் காலமாகவே வைத்திருக்கிறது.

டிசம்பர் 23, 24 மாலைகளில் ஒரு கத்தோலிக்க ஆலயத்துக்குள் போய்ப் பாருங்கள். வெளியே குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டும் சீரியல் பல்பு மாட்டிக்கொண்டும் இருப்பார்கள். உள்ளே பக்கச் சுவரோரமாக ஒரு வரிசை நிற்கும். கடற்கரை ஊர்களில் பெரியவர்கள் இதை இன்னும் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். இப்போதைய பெயர் ஒப்புரவு அருட்சாதனம். ஒவ்வொருவராகப் போய் மண்டியிடுவார்கள். ஊதாத் தோள்துணி போட்ட பாதிரியார் முகத்தைத் திருப்பி, காதை மட்டும் கொடுத்து உட்கார்ந்திருப்பார். முணுமுணுப்பு தவிர எதுவும் கேட்காது. கேட்டதை அவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்ல முடியாது. சொன்னால் திருச்சபைச் சட்டப்படி மிகக் கடுமையான தண்டனை. முடிவில் ஒரு பரிகாரம் சொல்வார், கடவுளின் பெயரால் மன்னிப்பை வாய்திறந்து அறிவிப்பார். ‘உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன’ என்பதை இன்னொரு மனிதக் குரலில் கேட்பதற்கென்று ஒரு பலம் இருக்கிறது. அந்த வரிசையிலிருந்து எழுந்து வருகிறவர்களின் நடையிலேயே அது தெரியும். மற்ற சபைகளில் இப்படித் தனியாகச் சொல்லும் வழக்கம் பொதுவாக இல்லை. சி.எஸ்.ஐ. ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வார்கள், ஆயர் மன்னிப்பின் வார்த்தைகளைச் சொல்வார். பெந்தெகொஸ்தே சபைகளில் நேரடியாகக் கடவுளிடம் சொல்லும் ஜெபமும், ஊரறியச் சொல்லும் சாட்சியும்.

கடவுளிடம் சொன்னதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்றார் இயேசு. எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே காம்பவுண்டுச் சுவர்த் தகராறு. வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஒரு வீட்டுப் பெரியம்மா முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் வைத்த தட்டைப் பேத்தி கையில் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். வெறும் தட்டைத் திருப்பக் கூடாது என்பது வழக்கம் இல்லையா, அதில் ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. சுவர் வழக்கு அதற்குப் பிறகும் கோர்ட்டில் நடந்தது. ஆனால் இரண்டு வீட்டுக்காரர்களும் வாய்தாவுக்கு ஒரே ஆட்டோவில் போனார்கள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26, புனித ஸ்தேவானின் நாள். கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் கிறிஸ்தவ இரத்தசாட்சி. கடைசி மூச்சில் அவர் சொன்னது: ‘கர்த்தாவே, இவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதிரும்.’ கல்லெறிந்தவர்கள் கழற்றிப்போட்ட உடைகள் சவுல் என்ற வாலிபனின் காலடியில் கிடந்தன. அந்தக் கொலைக்குச் சவுலுக்குச் சம்மதமே. அந்தச் சவுல்தான் பிறகு பவுல் ஆனார். ‘ஒருவன் கிறிஸ்துவுக்குள்ளிருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான், பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின’ என்று எழுதியது அவர்தான். 31-ஆம் தேதி இரவு ஆராதனையில், பன்னிரண்டு மணி அடித்ததும் பல ஆலயங்களில் வாசிக்கப்படும் வசனம் அது. கல்லெறிந்தவர்களின் துணிக்குக் காவல் நின்றவர் எழுதியது என்று தெரிந்து கேட்டால், அந்த வசனத்தின் எடையே வேறு.

மறுபடி விழுந்தால்?

அநேகர் இதைத்தான் உள்ளுக்குள் பயத்தோடு கேட்கிறார்கள். ‘போன வருஷமும் இதே தீர்மானம் எடுத்தேன். பொங்கலுக்குள் பழையபடி ஆகிவிட்டேன். இனி எந்த முகத்தோடு கேட்பது?’ இயேசுவின் முக்கியச் சீடரான பேதுருவைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். இயேசு கைதான இரவில், முற்றத்தில் கரிநெருப்புக்குப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டே, மூன்று முறை ‘அவரை எனக்குத் தெரியாது’ என்றவர். உயிர்த்தெழுந்த பிறகு இயேசு கடற்கரையில் மறுபடியும் ஒரு கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, மூன்று முறை கேட்டார்: என்னை நேசிக்கிறாயா? கேட்டுவிட்டு வேலையையும் திரும்பக் கொடுத்தார்: என் ஆடுகளை மேய். அதற்குப் பிறகும் பேதுரு அந்தியோகியா என்ற ஊரில் சறுக்கினார்: மற்றவர்களுக்குப் பயந்து, யூதரல்லாத விசுவாசிகளோடு சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். பவுல் எல்லோர் முன்பும் கண்டிக்க வேண்டியிருந்தது. ஆனால் அவரை யாரும் கணக்கிலிருந்து எடுத்துவிடவில்லை.

மன்னிப்புக் கிடைத்ததா என்று மனதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மனம் ஒரு நாள் லேசாக இருக்கும், மறுநாள் பாரமாக இருக்கும். ‘நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து’ என்று யோவான் எழுதும்போது, கடவுள் ‘உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்’ என்பதைத்தான் காரணமாகக் காட்டுகிறார். நம் உணர்ச்சியைக் காட்டவில்லை. தூக்கம் வராத அளவுக்குக் குற்றவுணர்வு துரத்தினால், ஜெபத்தோடு கூட மருத்துவரையோ ஆலோசகரையோ பார்ப்பதில் தவறே இல்லை.

படித்துப் பார்க்க விரும்பினால் லூக்கா நற்செய்தியில் தொடங்குங்கள். முதல் இரண்டு அதிகாரங்கள் கிறிஸ்துமஸ் கதை, 15-ஆம் அதிகாரம் வீட்டை விட்டுப் போன மகனின் கதை, 19 சகேயு. பிறகு 51-ஆம் சங்கீதம். ஜெபம் செய்து பழக்கமில்லாதவர்கள் அழகான வார்த்தை தேட வேண்டாம். செய்த காரியத்தை அதன் பெயரைச் சொல்லி ஒப்புக்கொண்டு, மன்னிக்கும்படி கேட்டால் போதும். 24-ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலிக்கோ 25 அதிகாலை ஆராதனைக்கோ யார் வேண்டுமானாலும் போகலாம். மதம் கேட்க மாட்டார்கள். நற்கருணை (பீடத்தில் தரும் அப்பம்) வாங்குவதற்கு மட்டும் ஒவ்வொரு சபையிலும் ஒரு முறை இருக்கிறது. அந்த நேரத்தில் எல்லோரும் எழுந்து வரிசையில் போவார்கள், நீங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பண்டிகை நாளில் பாதிரியாரைப் பிடிப்பது கஷ்டம். 27, 28 தேதிகளில் போனால் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.